பிறந்த இடம்: பிரவுன்ஸ்வில்

பிரவுன்ஸ்வில்,
பிப்ரவரி 6, 2011

அன்புள்ள எரிபெர்த்தோ என்கிற பெத்தோ அண்ணனுக்கு,

சவூல் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தையும் உன் கடைவாய்ப் பல்லின் சுகத்தையும் உடனே தெரிவிக்கவும்.

பல்லைக் காட்டப் போய்ப் பாலத்தில் மாட்டிக்கொண்டவன் இந்த ஊரில் நீ ஒருவன்தான். ஊரே ஆற்றைத் தாண்டி மெக்சிகோ பக்கத்து மத்தமோரோஸுக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டு, மலிவாக மாத்திரை வாங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுகிறது. உனக்கு மட்டும் அங்கே டாக்டர் பிடுங்கியது போக மிச்சத்தை இங்கே அதிகாரிகள் பிடுங்கிவிட்டார்கள்.

"உள்ள இருக்கிறவனுக்கு இப்படியாடா எழுதுவாங்க?" என்று அம்மா திட்டுகிறாள். நேரில் வந்து சிரிப்பு மூட்ட வழியில்லையே. உன் தடுப்பு முகாமுக்குப் போகும் சாலையில் சோதனைச் சாவடி இருக்கிறது. அம்மாவிடம் எந்த நாட்டுத் தாளும் ஒழுங்காக இல்லை. உன்னைப் பார்க்க வந்தால் பக்கத்துக் கட்டிலில் தங்கிவிடுவாள். நான் தனியாக வரலாம் என்றால், பதினாறு வயதுக்காரனை உள்ளே விடமாட்டார்களாம். எனவே தபால்.

நேற்றுதான் அம்மாவிடம் முழுக் கதையையும் கறந்தேன். நீ பிறந்தது இங்கே, மருத்துவச்சி டோன்யா த்ரினி வீட்டில். அவளே கையெழுத்துப் போட்டு டெக்சஸ் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தாள். உனக்கு ஆறு வயதாகும்போது அப்பாவுக்கு அந்தப் பக்கம் வேலை. மத்தமோரோஸ் பள்ளிக்கூடத்தில் உள்ளூர்ப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்கமாட்டோம் என்றார்கள். அப்பா நேராகப் பதிவு அலுவலகம் போய், பையன் இங்கேதான் பிறந்தான் என்று இன்னொரு தாள் எழுதி வாங்கிவிட்டார். "எங்க தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டு தாளுடா. யாரும் தப்புன்னு நினைக்கல" என்றாள். ஆக, என் அண்ணன் ஒருமுறை பிறந்து இருமுறை பதிவானவன். இருபது வருடம் கழித்துப் பாலத்தில் கம்ப்யூட்டர் அந்த இரண்டாவது தாளைக் கக்கிவிட்டது. நீ அமெரிக்கன் என்று பொய் சொன்ன மெக்சிகோக்காரன் ஆகிவிட்டாய்.

எனக்கும் டோன்யா த்ரினி கையெழுத்துதான், ஆனால் ஒரே தாள். சுத்தமான தாள். அதனால் ஒரு நல்ல செய்தி: இந்த வருடப் பள்ளி விவாதப் போட்டியில் நம் பள்ளிக்கு நான்தான். தலைப்பைக் கேள். "அதிபராக நிற்க, பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. பிறப்பால் என்றால் என்ன?" எழுதி வைத்தவர்கள் அர்த்தத்தை எழுத மறந்துவிட்டுச் செத்துப்போனார்கள். இப்போது இருக்கிற அதிபரிடமே சான்றிதழ் எங்கே என்று டி.வி.யில் தினமும் கேட்கிறார்கள். என் கட்சி: மண். எந்த மண்ணில் விழுந்தாயோ அந்த மண்ணின் பிள்ளை. எதிர்க்கட்சி: ரத்தம். பெற்றவன் யாரோ அதுதான் கணக்கு.

நான் ஜெயித்து, 2032இல் அதிபரும் ஆகி, முதல் நாளே உன்னை விடுவிப்பேன். அதுவரை பொறு.

வருங்கால அதிபரின் முத்தங்கள். அம்மா ஜெபிக்கிறாள்.

சவூல் கவாசோஸ்

* * *

தடுப்பு முகாம்,
பிப்ரவரி 17, 2011

தம்பி சவூலுக்கு,

அண்ணன் ஆசி. இங்கே சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். பல் வீக்கம் இறங்கிவிட்டது. அம்மாவின் முட்டி வலி எப்படி? ஈரத் தரையில் நின்று துணி துவைக்கவிடாதே.

ஒரு கூடத்தில் எழுபத்தெட்டுப் பேர். ஏ.சி. ஓயாமல் சத்தம் போடுகிறது. ஃபேன் பெல்ட் தேய்ந்திருக்கிறது, பத்து நிமிட வேலை, கருவியைக் கொடுங்கள் என்று காவலரிடம் கேட்டேன். "நீ மெக்கானிக்கா, கைதியா?" என்றார். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஒரு நாள் வெளியே உலாத்த விடவில்லை.

கடிதங்களை இங்கே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் தருவார்கள். நீ எழுதிய அத்தனையும் யாரோ ஒருத்தர் படித்துவிட்டார். ஸ்பானிஷ் தெரிந்தவர் வேறு. பார்த்து எழுது.

போட்டியில் பேசு. உன் வாய்க்கு யாரும் ஈடில்லை. ஆனால் என் பெயரை மேடையில் எடுக்காதே. நம் வீட்டில் யார் எங்கே பிறந்தார்கள் என்பதையும் எடுக்காதே. மண் என்றால் பொதுவாக மண். நம் மண் வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பு. ஞாயிற்றுக்கிழமை பர்பகோவா கறி வாங்கும்போது என் பங்கையும் நீயே தின்.

எரிபெர்த்தோ

* * *

பிரவுன்ஸ்வில்,
பிப்ரவரி 27, 2011

அன்புள்ள அண்ணனுக்கும், இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். இருவர் உடல்நலமும் எப்படி?

நேற்று, இரண்டு ஊரும் சேர்ந்து கொண்டாடும் சாரோ விழா ஊர்வலம். வழக்கம்போல நம் மேயரும் மத்தமோரோஸ் மேயரும் பாலத்தின் நடுவே நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருடைய தாளையும் யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். மேயரை இல்லை, செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளியை. நெஸ்தோர் தெரியுமில்லையா, என் கூட்டாளி, அவனுடைய மாமாவின் செக்யூரிட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு மதிய உணவுக்கூட வாசலில் நின்றான். நான் பக்கத்தில் மேசை போட்டு, பெரிய நோட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். "பிறப்பால் குடிமக்களுக்கு மட்டும் சாக்லேட் பால். மற்றவர்களுக்குத் தண்ணீர்" என்று போர்டு. வருகிற ஒவ்வொருத்தனிடமும், எங்கே பிறந்தாய், யார் பிரசவம் பார்த்தது, சாட்சி உண்டா என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு விசாரணை. போட்டிக்குப் பயிற்சி மாதிரியும் ஆயிற்று, பொழுதும் போயிற்று. வரிசை சிரித்துச் சாய்ந்தது. விவாதப் பயிற்சி தரும் லெதெஸ்மா மிஸ்ஸே, தான் சான் பெனிதோவில் பிறந்ததாகச் சொல்லிவிட்டுப் பால் வாங்கிக்கொண்டார்.

ஒரு பையன் மட்டும் வரிசையிலிருந்து நழுவிவிட்டான். ஒன்பதாம் வகுப்பு, பெயர் இசிதோரோவாம். நாங்கள் கவனிக்கவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பின் கதவு வழியாக ஓடி, வேலி ஏறிக் குதித்திருக்கிறான். அதற்குப் பிறகு மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. முதல்வர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். விளையாட்டுக்குத்தானே சார் என்றேன்.

எதிர்க்கட்சிக்காரி யார் என்று தெரிந்துவிட்டது. ஹார்லிஞ்சன் பள்ளி, மெரிடித் ஸ்டால். அப்பா ராணுவம். பிறந்தது ஜெர்மனியில். ரத்தக் கட்சிக்கு ஏற்ற ரத்தம். நான் மண்ணைத் தூவத் தயாராக இருக்கிறேன்.

வழக்கை என்றைக்கு வைத்திருக்கிறார்கள்? நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

சவூல்

* * *

தடுப்பு முகாம்,
மார்ச் 8, 2011

சவூல்,

நலம். அம்மாவும் நீயும் நலமாக இருக்கவும்.

அந்த இசிதோரோ வீட்டைக் கண்டுபிடி. போய், அவன் அம்மா முன்னால் மன்னிப்புக் கேள். சிரிக்காமல் கேள். இங்கே என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் இருக்கிற பையனுக்குப் பத்தொன்பது வயது. கதவு சத்தமாகத் திறந்தால் இன்னும் கட்டிலில் இருந்து குதிக்கிறான்.

விசாரணை மே 3. வக்கீல் ஒரு அம்மாள் இலவசமாக வந்திருக்கிறார், மிஸ் ஹாட்லி. நல்லவர். அதிகமாகக் கேள்வி கேட்கிறார்.

எரிபெர்த்தோ

* * *

பிரவுன்ஸ்வில்,
மார்ச் 18, 2011

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பாதியாகக் குறைந்தது, கவலை இரண்டு மடங்கு ஆனது.

போனேன். குட்டையான கட்டை வேலிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வீடு. இசிதோரோவின் அம்மா கதவைத் திறக்கவே இல்லை. ஜன்னல் வழியாக மன்னிப்புக் கேட்டேன். திரைச்சீலை ஆடியது. "போப்பா. பேர மட்டும் யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். அவ்வளவுதான். நெஸ்தோருக்கு வழியில் சிரிப்பு வரவில்லை. எனக்கும்.

இரண்டாவது விஷயம். உன் மிஸ் ஹாட்லி நேராக அம்மாவுக்கே கடிதம் போட்டிருக்கிறார். நான்தான் படித்துச் சொன்னேன். இரண்டு தாளில் எது உண்மை என்று நீதிமன்றம் முடிவு செய்ய, பிறந்த அன்றே எழுதிய ஏதாவது வேண்டுமாம். ஞானஸ்நானப் பதிவு, தடுப்பூசி அட்டை, இல்லாவிட்டால் மருத்துவச்சி வைத்திருந்த பிரசவ நோட்டு. நகல் செல்லாது, அசல் வேண்டும். கிழிக்காமல் முழு நோட்டும் வேண்டும். டோன்யா த்ரினியின் பெயர் பொய்ச் சான்றிதழ் கொடுத்தவர்கள் பட்டியலில் இருப்பதால் அரசுத் தரப்பு ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்குமாம். அவள் செத்துப்போனதால் நோட்டை வைத்திருப்பவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். இதை உன்னிடம் மூன்று முறை கேட்டாராம். நோட்டு என்று ஒன்று இருந்ததாகவே தெரியாது என்று சொன்னாயாம்.

ஏன் அப்படிச் சொன்னாய்? டோன்யா த்ரினி பெரிய பச்சை நோட்டில் எழுதுவாள் என்று நீதானே எனக்குச் சின்ன வயதில் கதை சொல்லியிருக்கிறாய்.

விசாரித்துவிட்டேன். அவளுடைய மகள் அம்பாரோ சான் பெனிதோவில் இருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை போகிறேன். பள்ளி வரலாற்றுப் பாடத்துக்கு என்று புளுகப் போகிறேன். அம்மாவிடம் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "அவன் வேண்டாம்னா விட்டுரு சவூலு" என்கிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் என்ன வந்தது? உனக்கு வீட்டுக்கு வர ஆசையில்லையா?

மருந்து ஒழுங்காகச் சாப்பிடு.

சவூல்

* * *

தடுப்பு முகாம்,
மார்ச் 26, 2011

சவூல்,

சுகம். போகாதே. நோட்டைத் தேடாதே. அம்மா சொல்வதைக் கேள்.

இது அண்ணன் சொல். காரணம் கேட்காதே, இந்தத் தாளில் எழுத முடியாது.

எரிபெர்த்தோ

* * *

(அனுப்பாத கடிதம்)

ஏப்ரல் 2, 2011

அண்ணே,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிட்டேன். இதை நான் தபாலில் போட முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும்.

அம்பாரோ நல்லவள். காபி கொடுத்தாள். பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் போட்டாள். பச்சைத் துணி அட்டை, ஒரே தடி நோட்டு, 1979இல் ஆரம்பிக்கிறது. அம்மாவின் பெயரை வைத்து உன்னைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. "மே 9, 1984. எலோய்சா. ஆண். ஏழு பவுண்டு. தலைப்பிள்ளை. ரொம்பக் கத்தினாள். புருஷன் டிரக்கில் தூங்கிவிட்டான்." அதற்குக் கீழே உன் பாதம். மையில் முக்கி அழுத்தியிருக்கிறாள். என் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. கதை முடிந்தது, அண்ணன் வெளியே வந்தான் என்று கத்திவிட்டேன். அம்பாரோவும் சிரித்தாள்.

அப்புறம், என் புத்தி தெரியுமே. அப்படியே என் பாதத்தையும் பார்த்துவிடலாம், நெஸ்தோரிடம் காட்டலாம் என்று புரட்டினேன். நான் பிறந்த பிப்ரவரி 1995. பக்கமே இல்லை. கடைசியாக எழுதியிருந்தது இது: "நவம்பர் 1992. கண் தெரியவில்லை. இனி பிரசவம் பார்ப்பதில்லை. கர்த்தருக்கு நன்றி." அதற்கப்புறம் வெள்ளைத் தாள்கள்.

வேறு நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அம்பாரோ என் பிறந்த வருடத்தைக் கேட்டாள். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் எங்கம்மா பிரசவம் பாக்கலப்பா. கையெழுத்து மட்டும்தான் போட்டாங்க. கைப்பிள்ளையோட வந்து நிக்கிறவள எப்படித் தொரத்துறது?"

நோட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் வருவேன், ஆனால் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், வயசாகிவிட்டது என்றாள்.

அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டை அவள் முன்னால் வைத்தேன். தொடவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். இறால் படகில் அப்பா செத்து, உடலை மத்தமோரோஸுக்குக் கொண்டுபோன வாரம் அது. நான் வயிற்றில் எட்டு மாதம். "உங்கப்பன புதைக்கப் போனேன். நீ வந்துட்டே" என்றாள். என்னை அங்கே எந்த அலுவலகத்திலும் பதியவில்லை. பத்து நாளில் இங்கே கொண்டுவந்து டோன்யா த்ரினியிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள். அதனால்தான் என் தாள் அவ்வளவு சுத்தம்.

இங்கே பிறந்த நீ உள்ளே இருக்கிறாய். அங்கே பிறந்த நான் வெளியே இருந்து, மண்தான் முக்கியம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். உன்னை வெளியே கொண்டுவருகிற நோட்டின் கடைசிப் பக்கம் என்னை உள்ளே தள்ளும். உனக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

நாளைக்கு அனுப்பிவிடுவேன். சத்தியமாக நாளைக்கு.

* * *

பிரவுன்ஸ்வில்,
ஏப்ரல் 3, 2011

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

சான் பெனிதோ போனேன். நோட்டு இல்லை. புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பெட்டி நனைந்துவிட்டதாம், மிச்சத்தை எலி தின்றுவிட்டதாம். மிஸ் ஹாட்லிக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

போட்டிக்குப் படிக்க நிறைய இருக்கிறது. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். சாப்பாடு பிடிக்காவிட்டாலும் சாப்பிடு.

சவூல்

* * *

தடுப்பு முகாம்,
ஏப்ரல் 25, 2011

தம்பி சவூலுக்கு,

ஆசி. அம்மாவின் சுகத்துக்கு எழுது. உன் சுகத்துக்கும் எழுது. மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமைகளில் தபால் கொடுப்பவர், "ஒங்க ஜோக்கர் எங்கப்பா?" என்று கேட்கிறார். அவருக்கே பழகிவிட்டது.

எலி தின்றதாக எழுதினாய். சரி. நல்லதாயிற்று என்று மிஸ் ஹாட்லியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இன்னும் எட்டு நாள் இருக்கிறது, வேறு எதுவும் கிடைக்காதா என்றார். கிடைக்காது என்றேன்.

என் கட்டிலுக்கு மேலே இருந்த பையனை முந்தாநாள் கூட்டிப்போனார்கள். கட்டில் காலியாக இருக்கிறது. ஏ.சி. கடைசியில் நின்றேவிட்டது. இப்போது கருவி கொடுக்கிறேன் என்கிறார்கள், நான்தான் மாட்டேன் என்றுவிட்டேன்.

போட்டி என்ன ஆயிற்று? ஜெயித்தாயா?

ஏதாவது எழுது. எதுவானாலும்.

எரிபெர்த்தோ

* * *

தடுப்பு முகாம்,
மே 3, 2011

அம்மாவுக்கும் சவூலுக்கும்,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

காலையில் நீதிபதி முன்னால் நின்றேன். பதினோரு நிமிடம். மெக்சிகோத் தாள் அவர் கையில் இருந்தது, என் பக்கம் கை வெறுமை. மேல்முறையீடு செய்தால் இங்கேயே இன்னும் ஒன்றரை வருடம் ஆகலாம் என்று மிஸ் ஹாட்லி சொன்னார். நானாகவே நாட்டைவிட்டுப் போகிறேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பாலத்தில் கொண்டுபோய் விடுவார்கள். நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும்.

அந்தத் தாளில் பிறந்த இடம் என்ற கட்டத்தை அவர்களே மத்தமோரோஸ் என்று நிரப்பிவைத்திருந்தார்கள். நான் எழுத வேண்டிய வேலை மிச்சம்.

எரிபெர்த்தோ

* * *

பிரவுன்ஸ்வில்,
மே 22, 2011

அண்ணே,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அம்மா நலம். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னோடு அதிகம் பேசுவதில்லை.

இதைத் தபாலில் போடவில்லை. அடுத்த வீட்டு டான் ப்ளாசிதோ சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறார், அவர் கையில் கொடுத்திருக்கிறேன். இதோடு நான் ஏப்ரல் இரண்டாம் தேதி எழுதி அனுப்பாத கடிதமும் இருக்கிறது. அதை முதலில் படி.

படித்துவிட்டாயா? எலி என்று ஒன்றும் இல்லை. உன் விசாரணை வரை முப்பத்தெட்டு நாள் நோட்டு என் துணி அலமாரியில் இருந்தது. தினமும் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு தபால் நிலையம் வரை போவேன். இரண்டு முறை வரிசையில்கூட நின்றேன். என் முறை வந்ததும் தபால்தலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அம்மா அனுப்பாதே என்று சொல்லவில்லை. அனுப்பு என்றும் சொல்லவில்லை. நான் வீட்டுக்குள் வந்ததும் பையைப் பார்ப்பாள். பை அதே கனமாக இருந்தால் போய்ச் சாப்பாடு எடுத்துவைப்பாள்.

போட்டியைக் கேட்டாயே. ஏப்ரல் 16 அன்று நடந்தது. ஜெயித்தேன். அதைத்தான் உனக்கு எழுத முடியவில்லை. மெரிடித்தைப் பற்றி நான் வைத்திருந்த கேலி ஒன்றையும் எடுக்கவில்லை. அவள் குறுக்கு விசாரணையில் ஒன்று கேட்டாள். "நீங்க எங்க பொறந்தீங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"எங்கம்மா சொன்னாங்க" என்றேன்.

அரங்கம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க நம்புறது மண்ணை இல்ல. ஒருத்தங்க சொன்னதை, இன்னொருத்தங்க எழுதினதை. மண்ணுக்கு யாரையும் தெரியாது" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. எனக்கு அது அந்த அரங்கத்தில் இருந்த எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். எழுந்து நின்று, அம்மாவின் வாய்ச்சொல்லைவிடப் பெரிய அரசியல் சட்டம் கிடையாது என்று ஒரு போடு போட்டேன். மூன்று நடுவர்களும் எனக்கே போட்டார்கள். லெதெஸ்மா மிஸ் அழுதுவிட்டார். கோப்பையை நெஸ்தோர் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

மிஸ் ஹாட்லிக்குப் போன வாரம் போன் செய்து, நோட்டு கிடைத்துவிட்டது என்று சொன்னேன். நீயே கையெழுத்துப் போட்டுவிட்டதால் வழக்கைத் திரும்பத் திறப்பது மலையைத் தள்ளுகிற வேலையாம். ஏன் தம்பி ஒரு மாதம் முன்னால் கிடைக்கவில்லை என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது அண்ணே. வேறு காரணம் இல்லை. அழகாக ஒரு காரணம் யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

சவூல்

* * *

மத்தமோரோஸ்,
ஜூன் 12, 2011

சவூலுக்கு,

நலம். ஏ.சி. ரிப்பேர் கடை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே எல்லோரும் என்னை வடக்கத்தியான் என்று கூப்பிடுகிறார்கள். என் ஸ்பானிஷைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பல் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. மிச்சப் பல்லையும் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் முட்டிக்குத் தைலம் டான் ப்ளாசிதோவிடம் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு கடிதமும் படித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன். இனி இதைப் பற்றி யாருக்கும் ஒரு எழுத்து எழுதாதே. நோட்டை அம்பாரோவிடமே திருப்பிக் கொடு.

அம்மா உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன்னைப் பாலத்தில் தூக்கிக்கொண்டு வந்தது நான். எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு நடக்க முடியவில்லை, எதிர்வீட்டு அம்மாளுடைய காரின் பின்சீட்டில் சாய்ந்து கிடந்தாள். நீ என் மடியில். அதிகாரி குனிந்து, "தம்பிப் பாப்பாவா? எங்க பொறந்தான்?" என்று என்னைத்தான் கேட்டார். "பிரவுன்ஸ்வில்" என்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. அவர் உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போங்கள் என்றார்.

இந்த ஜனவரியில் அதே பாலத்தில் நாலு மணி நேரம் உட்காரவைத்தார்கள். என்னைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு உன்னைப் பற்றிக் கேட்டார்கள். தம்பிக்கும் அதே மருத்துவச்சியா, அவன் எங்கே பிறந்தான், உண்மையைச் சொன்னால் உன் விஷயத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பத்து வயதில் சொன்ன அதே ஊரைத்தான் சொன்னேன்.

அதனால் இதைத் தெரிந்துகொள். நோட்டை நீ அனுப்பியிருந்தால், வேண்டாம் என்று மிஸ் ஹாட்லியிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன். கோர்ட்டுக்குள் அது வந்திருக்காது. முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். நீ எதைச் செய்திருந்தாலும் நான் இன்றைக்கு இங்கேதான் இருந்திருப்பேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக எழுதச் சொல்லி அம்மா சொல்லியனுப்பினாள். மூன்று நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறேன்.

நான் வாங்கியிருக்கமாட்டேன், சவூல். ஆனால் நீ அனுப்பியிருக்கணும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவைப் பார்த்துக்கொள்.

எரிபெர்த்தோ